116 கேள்விகளில் மனதை அளக்க முடியுமா? முதல் மனநலக் கேள்வித்தாளை உருவாக்கிய உட்வொர்த்தின் கதை

ஆபீஸ் ஹெச்.ஆர். அனுப்பிய ‘வெல்னெஸ்’ மெயிலில் ஒரு லிங்க். திறந்தால் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில் ஆர்வம் இருந்ததா, உங்களைப் பற்றி நீங்களே மட்டமாக நினைத்தீர்களா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். கடைசியில் ஒரு எண் வரும், பக்கத்தில் ஒரு வார்த்தை: லேசான மனச்சோர்வு, மிதமான மனச்சோர்வு, தீவிர மனச்சோர்வு.

அந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, எனக்கு நிஜமாகவே பிரச்னை இருக்கிறதா? இன்னொன்று, ஒன்பது கேள்வியை வைத்து என் மனதை எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

இரண்டாவது கேள்விக்கான பதில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் தொடங்குகிறது. மருத்துவமனையில் அல்ல, ராணுவத்தில். அதன் மையத்தில் இருப்பவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் செஷன்ஸ் உட்வொர்த்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

உட்வொர்த் பிறந்தது 1869 அக்டோபர் 17, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள பெல்சர்டவுன் என்ற சிற்றூரில். அப்பா கிறிஸ்தவ பாதிரியார். கண்டிப்பான வீடு. பையனும் அதே பாதையில் போவான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவருக்கும் முதலில் அந்த எண்ணம்தான்.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்த உளவியலும் தத்துவமும் அவர் மனதை மாற்றின. 1891-ல் பட்டம் வாங்கியவர் உடனே ஆராய்ச்சிக்குப் போய்விடவில்லை. இரண்டு ஆண்டுகள் பள்ளியில் பாடம் எடுத்தார், அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் நடத்தினார். அந்தக் காலத்தில் ஆராய்ச்சி என்ற ஒரே வார்த்தையை ஒரு அட்டையில் எழுதித் தன் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

பிறகு ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸிடம் படித்தார். 1899-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டலின் கீழ் முனைவர் பட்டம். இங்கிலாந்தின் லிவர்பூலில், நரம்பியலில் பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய சார்ல்ஸ் ஷெரிங்டனின் ஆய்வகத்தில் ஓராண்டு. 1903-ல் கேட்டல் கூப்பிட, கொலம்பியாவுக்கே திரும்பினார். வாழ்நாளின் மீதி முழுக்க அங்கேதான்.

1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்திருந்த பல இனத்தைச் சேர்ந்த சுமார் 1,100 பேரைச் சோதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. எந்த இனம் அறிவில் உயர்ந்தது என்று பட்டியல் போடுவது அந்தக் காலத்து அறிவியலின் வழக்கம். உட்வொர்த் அதைச் செய்யவில்லை. ஒரு குழுவுக்குள் இருக்கும் ஆட்களுக்கு இடையிலேயே வித்தியாசம் நிறைய; குழுக்களின் சராசரியை மட்டும் வைத்து ஒரு ஆளைப் பற்றிப் பேச முடியாது என்று 1910-ல் எழுதினார். மனதை அளக்கும் எல்லோருக்கும் இன்றுவரை தேவைப்படும் எச்சரிக்கை அது.

1917: போரும் புதுப் பிரச்னையும்

முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்குப் புதுவிதமான நோய் வந்தது. உடம்பில் காயம் இருக்காது. ஆனால், கை நடுங்கும், பேச்சு வராது, தூக்கம் போய்விடும், நடக்க முடியாது. ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் 1915-ல் மருத்துவ இதழில் ஏறியது. போர் முடிவதற்குள் பிரிட்டன் ராணுவத்தில் மட்டும் சுமார் 80,000 பேருக்கு இந்தப் பாதிப்பு பதிவானது.

1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. அதே நாளில் ஹார்வர்டில் கூடியிருந்த உளவியலாளர்கள், ராணுவத்துக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று பேசத் தொடங்கினார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அப்போதைய தலைவர் ராபர்ட் யெர்க்ஸ் அறிவுத்திறன் தேர்வைக் கையில் எடுத்தார். ஆல்ஃபா, பீட்டா என்ற அந்தத் தேர்வுகளை 17 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் எழுதினார்கள்.

ஆனால், கணக்கு நன்றாகப் போடுபவருக்கு மனம் உடையாது என்று யார் சொன்னது? பயம், உணர்ச்சி, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியவற்றை ஆராய ஒரு தனிக் குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் உட்வொர்த்.

அவருக்கு அது எளிதான நேரம் இல்லை. அதே 1917 அக்டோபரில், அவருடைய குருவான கேட்டலை கொலம்பியா பல்கலைக்கழகம் வேலையை விட்டு நீக்கியது. கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர்களை, அவர்கள் விருப்பம் இல்லாமல் ஐரோப்பாவுக்கு அனுப்பக் கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியதுதான் அவர் செய்த தவறு. குரு போருக்கு ஆள் அனுப்புவதை எதிர்த்து வேலையை இழக்கிறார். சிஷ்யன் அதே போருக்குப் போகும் ஆட்களைச் சோதிக்கக் கேள்வி தயாரிக்கிறார்.

கேள்விகள் எப்படிப் பிறந்தன?

உட்வொர்த் முன்னால் இருந்த சிக்கல் ரொம்ப நடைமுறையானது. மனநல மருத்துவர் ஒவ்வொரு வீரரிடமும் அரைமணி நேரம் பேசினால் யாருக்குப் பிரச்னை என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனால், லட்சக்கணக்கில் ஆட்கள் வரும்போது அத்தனை மருத்துவருக்கு எங்கே போவது?

அவர் கண்ட வழி இது: மருத்துவர் நேரில் கேட்கும் கேள்விகளையே ஒரு தாளில் அச்சடித்துவிடலாம். வீரர்கள் கும்பலாக உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை குறிக்கட்டும். பிரச்னையைக் காட்டும் விடைகளை எண்ணினால் போதும். எண் அதிகமாக வந்தவரை மட்டும் மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்விகளை அவர் கற்பனையில் எழுதவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று அப்போது அழைக்கப்பட்ட பாதிப்பு உள்ளவர்களின் நோய்க் குறிப்புகளிலிருந்து அறிகுறிகளை எடுத்தார். தூக்கம் சரியாக வருகிறதா, நடுராத்திரியில் பயந்து எழுகிறீர்களா, சின்ன விஷயத்துக்கெல்லாம் கவலைப்படுகிறீர்களா, பாலத்தைக் கடக்கும்போது கலக்கமாக இருக்கிறதா, சின்ன வயதில் சந்தோஷமாக இருந்தீர்களா என்கிற ரகம்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். அந்தக் கேள்விகளைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார். நன்றாக இருப்பவர்களிலேயே நான்கில் ஒருவர் ஒரு கேள்விக்கு ‘பிரச்னையான’ விடை சொன்னால், அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டார். காரணம் எளிது. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் விஷயத்தை நோயின் அடையாளம் என்று எப்படிச் சொல்வது? பாதிக்கப்பட்டவர்களிடம், மற்றவர்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்காவது தெரியும் அறிகுறிகள்தான் மிஞ்சின.

இப்படி வடிகட்டிக் கடைசியில் நின்றவை 116 கேள்விகள். பெயர், ‘பர்சனல் டேட்டா ஷீட்’. தமிழில் சொன்னால் சொந்த விவரத் தாள். நோய், மனம் என்ற சொற்களே தலைப்பில் இல்லை. நிரப்புகிறவருக்கு ஏதோ அலுவலகப் படிவம் மாதிரிதான் தோன்றும். ஒருவர் தன் மனநிலையைத் தானே சொல்லி மதிப்பெண் பெறும் கேள்வித்தாள்களில் முதலாவது என்று உளவியல் பாடநூல்கள் இதைத்தான் குறிப்பிடுகின்றன.

போர் முடிந்துவிட்டது

படிவம் தயாராகிப் பெரிய அளவில் பயன்பாட்டுக்கு வருவதற்குள் 1918 நவம்பர் 11 வந்துவிட்டது. போர் நிறுத்தம். எந்த வேலைக்காக உருவாக்கினார்களோ, அந்த வேலையை அது செய்யவே இல்லை. போருக்குப் போகும் முன்பே யாருடைய மனம் உடையும் என்று அந்தத் தாளால் சொல்லியிருக்க முடியுமா என்பதைச் சோதிக்கும் வாய்ப்பும் போனது.

ஆனால், தாள் குப்பைக்குப் போகவில்லை. ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் நியூயார்க் மாகாணத்தின் பிளாட்ஸ்பர்க் ராணுவ மருத்துவமனையில் இருந்த வீரர்களிடம் அதைப் பயன்படுத்தினார். 1923-ல் எல்லன் மேத்யூஸ் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். 1930-ல் தர்ஸ்டன் தம்பதி கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வடிவம் தயாரித்தனர். 1931-ல் பெர்ன்ராய்டர் இன்னொன்று. பல கேள்விகள் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு அப்படியே நடந்து போயின.

அங்கேதான் சிக்கலும் ஆரம்பித்தது. 1930-களில் அமெரிக்க நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க இந்த மாதிரிக் கேள்வித்தாள்களைப் பயன்படுத்த ஆரம்பித்தன. உதவி தேவைப்படுபவரைக் கண்டுபிடிக்க வந்த கருவி, ஆளைக் கழித்துக்கட்டும் கருவியாக மாறியது. வேலை வேண்டும் என்று வருகிறவர், இரவில் தூக்கம் வரவில்லை என்று உண்மையை எழுதுவாரா? என்ன எழுதினால் வேலை கிடைக்கும் என்று யாருக்கும் புரிந்துவிடும். அதை எழுதிவிட்டுப் போவார்கள். இதைச் சமாளிக்கத்தான் 1943-ல் வெளிவந்த மினசோட்டா பல்கலைக்கழகத்தின் எம்.எம்.பி.ஐ. தேர்வில், விடை சொல்பவர் தன்னை ரொம்ப நல்லவராகக் காட்டிக்கொள்கிறாரா என்று கண்டுபிடிக்கவே தனிக் கேள்விகளைச் சேர்த்தார்கள்.

கேள்வி ஒன்றுதான். ஆனால், டாக்டர் கேட்டால் ஒரு பதில், முதலாளி கேட்டால் வேறு பதில்.

‘ஆம், இல்லை’ போய் ஐந்து விடை வந்தது

உட்வொர்த்தின் தாளில் இன்னொரு குறையும் இருந்தது. தூக்கம் கெடுகிறதா என்றால் ஆம் அல்லது இல்லை மட்டும்தான். மாதத்தில் ஒரு நாள் கெடுவதும் தினமும் கெடுவதும் ஒன்றா?

இதற்கான தீர்வு அதே கொலம்பியாவிலிருந்து, உட்வொர்த்தின் மேசை வழியாகவே வந்தது. ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் சைக்காலஜி’ என்ற ஆய்வு வரிசைக்கு அவர்தான் ஆசிரியர். 1932-ல் அதில் ரென்சிஸ் லைகர்ட் என்ற இளம் ஆய்வாளரின் முனைவர் ஆய்வு வெளியானது. மனப்பான்மையை அளக்க ஒரே விடைக்குப் பதில் ஐந்து படிகள் கொடுக்கலாம் என்றது அது. முழுதாக ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி, துளிகூட ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் முடியும் அந்த ஐந்து வட்டங்களை நீங்கள் ஆபீஸ் சர்வேயிலும் ஆன்லைன் ஃபீட்பேக்கிலும் எத்தனையோ முறை அழுத்தியிருப்பீர்கள். அதுதான் ‘லைகர்ட் அளவுகோல்’.

இன்றைய மனநலக் கேள்வித்தாள்கள் இரண்டு யோசனைகளையும் சேர்த்துக்கொண்டவை. கேள்வி அச்சிட்ட தாளில், விடையை எண்ணினால் மதிப்பெண்: இது உட்வொர்த் வழி. எத்தனை நாள் அப்படி இருந்தது என்று படிப்படியாகக் கேட்பது லைகர்ட் காட்டிய வழி.

இரண்டாம் போர் சொன்ன பாடம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, ஆளெடுக்கும்போதே மனநலத்தைச் சோதித்தது. பெரும்பாலும் சில நிமிட நேர்காணல்தான். மனநலக் காரணம் காட்டி பத்து லட்சத்துக்கும் அதிகமானோரைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியும் போர்முனையில் மனம் உடைந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. பலவீனமான ஆளை முன்பே கண்டுபிடித்து விலக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அங்கே அடிபட்டது. எத்தனை நாள் தொடர்ந்து சண்டையில் இருந்தார், கூட இருந்தவர்கள் யார், ஓய்வு கிடைத்ததா என்பதெல்லாம் ஆளின் குணத்துக்கு இணையாகக் கணக்கில் வரும் என்று ராணுவ மருத்துவர்களுக்குப் புரிந்தது.

உட்வொர்த்துக்கு இது ஆச்சரியம் தந்திருக்காது. வெளியிலிருந்து வரும் தூண்டுதலையும் அதற்கான எதிர்வினையையும் மட்டும் பார்த்தால் போதும் என்று அப்போது ஒரு பெரிய உளவியல் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் இருக்கிறார், அவருடைய நிலைமையைப் பொறுத்துத்தான் எதிர்வினை அமையும் என்று தன் பாடநூல்களில் எழுதி வந்தவர் அவர். சூழல் மட்டுமல்ல, ஆள் மட்டுமல்ல, இரண்டும் சேர்ந்துதான்.

ராணுவத்திலிருந்து வீட்டு வாசலுக்கு

போருக்குப் பிறகு கேள்வி மாறியது. எந்த வீரர் உடைவார் என்பது போய், சாதாரண ஊரில் எத்தனை பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். மருத்துவமனைப் பதிவேடு இதற்கு உதவாது. அங்கே வந்தவர் கணக்குதான் அதில் இருக்கும். வராதவர் கணக்கு இருக்காது.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 1,660 பேரை வீடு தேடிப் போய்ப் பேட்டி எடுத்த ஆய்வின் முடிவு 1962-ல் வெளிவந்தது. சுமார் 23 சதவீதம் பேரின் அன்றாட வாழ்க்கையை மனநலச் சிக்கல் பாதிக்கிறது என்றது அது. படித்தவர்கள் அதிர்ந்தார்கள். இந்த ஆய்வோடு சேர்ந்து பிறந்த 22 கேள்விகள் கொண்ட சிறு தாள், ராணுவச் சோதனைத் தாளிலிருந்தும் எம்.எம்.பி.ஐ. தேர்விலிருந்தும் கேள்விகளை எடுத்துக்கொண்டது. உட்வொர்த் தொடங்கிய வரிசை இப்படித்தான் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அதே 1962-ல், ஜூலை 4 அன்று, உட்வொர்த் தன் 92-வது வயதில் நியூயார்க்கில் காலமானார். ஓய்வு பெற்ற பிறகும் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். கடைசிப் புத்தகத்தை வெளியிட்டபோது வயது 90-ஐ நெருங்கியிருந்தது. 1956-ல் அமெரிக்க உளவியல் அறக்கட்டளை தன் முதல் தங்கப் பதக்கத்தை அவருக்குத்தான் கொடுத்தது. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடநூல்களுக்காக அவரைக் கொண்டாடினார்கள். போர் முடிந்து போனதால் வேலைக்கு வராமல் நின்ற அந்த 116 கேள்விகள், அவர் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சின்னப் பகுதி மட்டுமே.

அதற்குப் பிறகு வந்தவை நமக்குப் பழக்கமானவை. 1972-ல் லண்டனிலிருந்து பொது உடல்நலக் கேள்வித்தாள், 1977-ல் மக்கள்தொகை ஆய்வுக்கென்றே லெனோர் ராட்லோஃப் தயாரித்த 20 கேள்விகள், 2001-ல் மனச்சோர்வுக்கான பி.ஹெச்.க்யூ-9, 2006-ல் பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7. பி.ஹெச்.க்யூ-9-ல் மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்பது வழக்கமான எல்லை.

சென்னையில் 15, நாட்டில் 2.7: எது சரி?

இந்தியாவிலும் இந்தக் கருவிகள் பயன்பட்டன. சென்னையில் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் பி.ஹெச்.க்யூ வகையைச் சேர்ந்த 12 கேள்விகளை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்றது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்போ, அந்த நேரத்தில் மனச்சோர்வு நோய் இருந்தவர்கள் 2.7 சதவீதம் என்றது.

ஏன் இத்தனை வித்தியாசம்? இடம், காலம், ஆட்கள் எல்லாம் வேறு என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், இரண்டும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. முதலாவது, அறிகுறிகளை எண்ணும் கேள்வித்தாள். இரண்டாவது, நோய்க்கான விதிமுறைகள் பொருந்துகின்றனவா என்று வரிசையாகக் கேட்டுச் சரிபார்க்கும் நேர்காணல்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது புரியும். ஆயிரம் பேர் இருக்கும் ஒரு இடத்தில் 50 பேருக்கு நிஜமாகவே மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.ஹெச்.க்யூ-9-ஐ அறிமுகப்படுத்திய ஆய்வின்படி, 10 என்ற எல்லையில் அது நோய் உள்ளவர்களில் 88 சதவீதம் பேரைப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நல்ல கருவிதான்.

இப்போது எண்ணுவோம். 50 பேரில் 44 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 12 சதவீதம், அதாவது 114 பேர் நோய் இல்லாமலே எல்லையைத் தாண்டுவார்கள். மொத்தம் 158. அவர்களில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 44 பேர்தான். கேள்வித்தாளை மட்டும் நம்பினால், 5 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 16 சதவீதமாகிவிடும்.

அதற்காக அந்த 114 பேரும் சும்மா சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வேலை போன டென்ஷன், வீட்டில் ஒரு இழப்பு, தைராய்டு, நைட் ஷிஃப்ட் என்று எதனாலும் தூக்கமும் பசியும் கெடலாம். கஷ்டம் உண்மைதான். அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர் வைக்கலாமா என்பதை ஆளைப் பார்த்துப் பேசித்தான் சொல்ல முடியும்.

உங்கள் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

* அது நோய்ச் சான்றிதழ் அல்ல. உட்வொர்த் காலத்திலிருந்தே அதன் வேலை, மருத்துவர் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டுவதுதான்.
* குறைவான மதிப்பெண் வந்தும் மனசு சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றுவதை நம்புங்கள். மேலே உள்ள கணக்கில் நோய் இருந்தும் பிடிபடாத 6 பேர் இருக்கிறார்கள்.
* உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். உடனே யாரிடமாவது பேசுங்கள்.
* யார் கேட்கிறார்கள், விடை எங்கே போகிறது என்று பாருங்கள். பெயரோடு மேனேஜர் கைக்குப் போகும் தாளில் யாரும் உண்மை எழுதப்போவதில்லை. அதிலிருந்து வரும் எண்ணுக்கும் மதிப்பு இல்லை.
* ‘எங்கள் ஊழியர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு’ என்ற செய்தியைப் படித்தால், கேள்வித்தாளா, நேர்காணலா என்று முதலில் தேடுங்கள். எந்த எல்லை வைத்தார்கள் என்பதை அடுத்துப் பாருங்கள்.

மனநல ஆலோசனை தேவைப்பட்டால், மத்திய அரசின் டெலி-மனாஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.